அப்பாட ராடோ: கொப்பி மணிக்கூடுகளின் ஒரு சின்ன வரலாறு

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாட மணிக்கூடு நின்று போயிருந்தது. அதை அவிழ்த்து என் கையில் தந்து, "டவுனுக்குப் போறதெண்டா இதுக்கு ஒரு பற்றரி போட்டுக்கொண்டு வா மனே" என்றார்.

பொன் நிற மணிக்கூடு. முகத்தில் ராடோ என்று பெயர், அதுக்கு மேலே ஒரு குட்டி நங்கூரம், கீழே ஒட்டோமட்டிக் என்ற எழுத்து. அப்பாட கலியாணத்துக்குப் பெரியம்மா சவூதியில் இருந்து கொண்டுவந்து கொடுத்தது. வயலுக்குப் போகும்போது மட்டும் கழற்றிச் சாமித்தட்டில் வைப்பார். மற்றபடி அது இல்லாத கையோடு அப்பாவைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போதுதான் ஒரு விசயம் மண்டையில் தட்டியது. ஒட்டோமட்டிக் மணிக்கூட்டுக்கு எதுக்குப் பற்றரி?

ஒட்டோமட்டிக் என்றால் உள்ளுக்குள் அரை வட்டமாக ஒரு உலோகத் தகடு சுழலும். நாம் கையை ஆட்ட ஆட்ட அது சுழன்று சுருள்வில்லை இறுக்கும். அந்த வில்லின் பலத்தில்தான் மணிக்கூடு ஓடும். பற்றரிக்கு அதில் இடமே இல்லை. பற்றரி போடுகிற மணிக்கூட்டில் ஒட்டோமட்டிக் என்று எழுதியிருந்தால், ஒன்றில் எழுத்து பொய், அல்லது மணிக்கூடே பொய்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது கம்பஸ் ஹொஸ்டலில் என்னோடு அறையில் இருக்கும் கூட்டாளியால்தான். அவன் கொப்பி மணிக்கூடு சேர்க்கிறவன். ஐந்து வைத்திருக்கிறான். எல்லாம் பெரிய பெயர்கள், ஒன்றும் ஒறிஜினல் இல்லை. அதை அவன் ஒளிப்பதும் இல்லை. யாரும் கேட்டால், "கொப்பிதான் மச்சான், ஆனா நல்ல கொப்பி" என்பான்.

நல்ல கொப்பி என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டுப்போட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ரோலெக்ஸில் திகதிக்கு மேலே இருக்கிற சின்னக் குமிழ் எழுத்தை இரண்டரை மடங்கு பெருப்பித்துக் காட்டவேண்டும், மலிவுக் கொப்பியில் அவ்வளவு காட்டாது. செக்கன் கம்பி ஒறிஜினலில் ஒரு செக்கனுக்கு எட்டுத் தரம் துடிக்கும், மட்டமான கொப்பியில் ஆறு தரம், பற்றரிக் கொப்பியில் ஒரே ஒரு தரம் துள்ளும். அனுப்புவதற்கு முதல் விற்கிறவர் படமும் வீடியோவும் அனுப்புவார். எழுத்து கோணலா, பன்னிரண்டாம் புள்ளி நேராக இருக்கிறதா என்று கூட்டாளிமார் சேர்ந்து அளந்து பார்த்த பிறகுதான் காசு. உலகம் முழுக்க இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். கொப்பி என்று தெரிந்தே வாங்கி, தெரிந்தே கட்டி, ஒறிஜினலை வைத்திருப்பவரைவிட அதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள்.

கொப்பி மணிக்கூடு என்றால் சீனாவில் நேற்றுத் தொடங்கிய வியாபாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரலாறு படிக்கிற ஆள் என்றபடியால் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் மறுகா அப்பாட மணிக்கூட்டுக்கு வருவேன்.

லண்டன் பெயர், வேற ஊர் வேலை

18ஆம் நூற்றாண்டில் நல்ல மணிக்கூடு என்றால் லண்டன் மணிக்கூடு. சட்டைப் பைக்குள் சங்கிலியில் தொங்கவிடுகிற வகை. லண்டன் கைவினைஞர்களுடைய பெயருக்குத்தான் விலை. அதனால் ஐரோப்பாவின் மற்ற ஊர்களில், முக்கியமாக ஜெனீவாப் பக்கத்தில், மலிவாகச் செய்து லண்டன் பெயரைப் பொறித்து விற்றார்கள். அப்படிப்பட்ட மணிக்கூடுகள் இன்றைக்கும் நூதனசாலைகளிலும் ஏலங்களிலும் கிடக்கின்றன. இன்றைக்கு உலகத்துக்கே ஒறிஜினலுக்கு உதாரணமாக நிற்கிற சுவிஸ் அன்றைக்குக் கொப்பி அடிக்கிற பக்கத்தில் நின்றது.

பாரிசில் தொழில் செய்த அப்ரகாம் லூயி பிரெகே என்பவரும் இந்தத் தொல்லையில் மாட்டினார். அவர் பெயரைப் போட்டுப் போலி மணிக்கூடுகள் பரவியதால், 1795ஆம் ஆண்டளவில் மணிக்கூட்டின் முகத்தில் ஒரு இரகசியக் கையெழுத்தைப் பொறிக்கத் தொடங்கினார். நேரே பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்தான் தெரியும். இன்றைக்கு எங்கட ஆயிரம் ரூபாய்த் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

பிறகு 1876இல் பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி நடந்தது. அமெரிக்காவின் வோல்தம் தொழிற்சாலை யந்திரத்தால் மணிக்கூடு செய்து காட்டியது. ஒரு மணிக்கூட்டின் பல்லுச்சில்லை எடுத்து இன்னொன்றில் போட்டாலும் ஓடும், அவ்வளவு சரியான அளவு. அதுவரை சுவிஸ்காரர் வீடுகளிலும் சின்னப் பட்டறைகளிலும் கையால் செய்துகொண்டிருந்தார்கள். லொஞ்ஜீன் கொம்பனியின் ஜாக் டேவிட் என்ற பொறியியலாளரை அங்கே அனுப்பினார்கள். அவர் தொழிற்சாலைகளைப் பார்த்து, எப்படிச் செய்கிறார்கள் என்று நீளமான அறிக்கை எழுதிக் கொடுத்தார். இந்தக் காலத்துப் பேச்சில் அதைத் தொழில் உளவு என்றும் சொல்லலாம். சுவிஸ் யந்திரத்துக்கு மாறியதற்கு அந்த அறிக்கை ஒரு பெரிய காரணம்.

அப்படியென்றால் பார்த்துச் செய்வது களவு என்று சொல்லிவிட முடியாது. பார்த்துச் செய்யாமல் யாரும் தொழில் பழகவில்லை.

எந்த இடத்தில் பொய் இருக்கிறது?

1969 டிசம்பர் 25ஆம் திகதி டோக்கியோவில் சீக்கோ கொம்பனி உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. அன்றைக்கு அது ஒரு சின்னக் காரின் விலை. ஆனால் பத்துப் பதினைந்து வருசத்துக்குள் குவார்ட்ஸ் தெருவோரத்துக்கு வந்துவிட்டது. ஒரு சின்னப் பற்றரி, ஒரு படிகத் துண்டு, அவ்வளவுதான். நேரத்தைச் சரியாகக் காட்டுவதில் விலை கூடிய சுவிஸ் ஒட்டோமட்டிக்கை மலிவுக் கசியோ வென்றது. 1970இல் ஏறக்குறைய 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில், 80களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 30,000 பேர்தான் மிஞ்சினார்கள்.

மிஞ்சினவர்கள் என்ன விற்றார்கள்? நேரத்தை விற்க முடியாது, அதை எல்லாரும் மலிவாக விற்கிறார்கள். பெயரை விற்றார்கள். பரம்பரை, கைவேலை, கையில் கட்டியிருப்பவருடைய அந்தஸ்து, இதெல்லாம் அந்தப் பெயருக்குள் வந்தது. பெயருக்கு இவ்வளவு விலை வந்த பிறகு பெயரைக் கொப்பி அடிப்பதும் பெரிய தொழிலாக வந்ததில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே இருக்கிற யந்திரத்தைக் கொப்பி அடிப்பது பல நேரம் சட்டப்படி குற்றமே இல்லை. சுவிஸின் ஈற்றா 2824 என்ற யந்திரம் பல கொம்பனிகளின் ஒட்டோமட்டிக் மணிக்கூடுகளுக்குள் இருக்கிறது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. சீனாவில் அதே மாதிரி செய்கிறார்கள். சுவிஸிலேயே செலித்தா என்ற இன்னொரு கொம்பனியும் அதே மாதிரி செய்து நேர்மையாகத் தன் பெயரில் விற்கிறது. பல்லுச்சில்லில் பொய் இல்லை. முகத்தில் இன்னொருவருடைய பெயரை எழுதுகிற இடத்தில்தான் பொய் தொடங்குகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பிடிப்பது அந்த இடத்தைத்தான். இன்னொருவருடைய வியாபாரக் குறியைப் போலியாகப் போட்டு விற்பது குற்றம்.

இந்தியாவில் இது இன்னும் குழப்பமாக இருக்கிறது. எச்.எம்.ரி. என்ற அரச நிறுவனம் ஜப்பானின் சிற்றிசன் கொம்பனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டு அரசின் நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து ஓசூரில் டைட்டனைத் தொடங்கின. எச்.எம்.ரி. மெல்ல மெல்ல விழுந்து, 2016இல் மணிக்கூட்டுப் பிரிவே மூடப்பட்டது. இப்போது பழைய எச்.எம்.ரி.யையும் சீக்கோவையும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அதனால் மும்பைப் பக்கத்தில் பழைய யந்திரத்தை எடுத்து, முகத்துக்குப் புதுசாகப் பெயின்ற் அடித்து, வேற ஒரு கூட்டில் போட்டு விற்கிறார்கள். உள்ளே ஒறிஜினல், வெளியே கொப்பி. இதை என்னவென்று சொல்வது? சேர்க்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு பகிடிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: மும்பை ஸ்பெஷல்.

சவூதியில் இருந்து வந்த மணிக்கூடுகள்

சரி, எங்கட கைக்கு இதெல்லாம் எப்படி வந்தது?

1970 முதல் 77 வரை சிறிமாவோ அரசின் காலத்தில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டுச் சாமான் காணக்கிடைக்காது. 1977இல் ஜே.ஆர். அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதே காலத்தில் எண்ணெய் விலையால் வளைகுடா நாடுகளில் காசு பெருகி, அங்கே வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொடங்கியது. 90களில் போனவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள். எங்கட மாவட்டத்தில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று வித்தியாசம் இல்லாமல் போனார்கள்.

வரும்போது கொண்டுவருகிற சாமானுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கம்பளிப் போர்வை, டேப் ரெக்கோடர், வாசனைத் தைலம், மணிக்கூடு. மணிக்கூடுகளுக்குள் மாப்பிள்ளைக்கு உரியது ராடோ. அதுக்கும் காரணம் உண்டு. 1962இல் ராடோ கொம்பனி டயஸ்டார் என்று ஒரு மொடலை விட்டது. அதன் கூடு வலிய உலோகக் கலவையால் செய்தது, கண்ணாடியும் சபயர், எளிதில் கீறல் விழாது. பொன் நிறத்தில், கீறாமல், வருசக்கணக்காகப் பளபளக்கிற மணிக்கூடு வளைகுடாவிலும் எங்கட நாடுகளிலும் ஒரு அடையாளமாகவே மாறிவிட்டது. அதை எல்லாரும் விரும்பியதால் அதன் கொப்பியும் எல்லா இடமும் கிடைத்தது.

பெரியப்பா 1990இல் போனவர் திரும்பி வரவில்லை. அதுக்கு மேல் எங்கட வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. பெரியம்மா 1997இல் சவூதிக்குப் போனார். தங்கச்சியின் கலியாணத்தை முடித்து வைக்கவேண்டும் என்றுதான் போனார். 1999இல் வரும்போது ஒரு கடையில் ரெண்டு மாசச் சம்பளம் கொடுத்து அந்த மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் என்ன சொல்லி விற்றானோ தெரியாது. ராடோ என்று சொல்லித்தான் விற்றிருப்பான். அந்த விலைக்குக் கொப்பி என்று தெரிந்து யாரும் வாங்கமாட்டார்கள்.

வாவிக்கு ரெண்டு நேரம்

அப்பாட ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம், படுவான்கரை. அம்மாட ஊர் ஆரையம்பதிப் பக்கம், எழுவான்கரை. எங்கட பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வருவது. 2000ஆம் ஆண்டு அப்பா மண்முனைத் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து வந்தார். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான். வெளியூர் ஆட்களுக்கு ஒரு குறிப்பு: எங்கட பக்கத்தில் பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணியைக் கடக்கிற தெப்பம்.

ஆனால் அப்பா வாவியை மட்டும் கடந்து வரவில்லை. அரை மணித்தியாலத்தையும் கடந்துதான் வந்தார்.

இப்போதுள்ள தம்பி தங்கச்சிமாருக்கு இது தெரிந்திருக்காது. 1996இல் மழை இல்லாமல் நீர்மின் குறைந்து நாட்டில் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பாவிக்கலாம் என்று அரசாங்கம் அந்த வருசம் மே 25ஆம் திகதி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 வரை அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை எடுக்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். ஆகவே எங்கட வாவிக்கு எழுவான்கரையில் ஒரு நேரம், படுவான்கரையில் இன்னொரு நேரம். அம்மா அப்பாட கலியாணக் கார்ட்டில் முகூர்த்தத்துக்கு ரெண்டு நேரமும் அச்சடித்திருக்கிறது: புதிய நேரம் இத்தனை மணி, பழைய நேரம் இத்தனை மணி. கார்ட் இப்பவும் வீட்டில் இருக்கிறது.

அப்பா அம்மம்மா வீட்டில் இருந்து தன் ஊருக்குப் போகும்போதெல்லாம் துறையில் நின்று அந்த ராடோவின் திருகை இழுத்து அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவாராம். திரும்பி வரும்போது முன்னுக்கு. பெரியம்மா மறுகா சவூதிக்குப் போனபோது அங்கே இன்னொரு நேரம். கடைச் சந்தியில் கோல் எடுத்தால் முதல் பேச்சே, "இப்ப அங்க எத்தன மணி?"

2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரை வருசத்துக்கு அடுத்த நாள், நாடு பழைய நேரத்துக்கே திரும்பியது. மணிக்கூடுகள் ஒன்றானாலும் சண்டை முடியவில்லை. அடுத்த வருசம் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து எழுவான்கரையில் முகாம்களில் கிடந்தார்கள். அப்பாட ஆட்களும் அதில் அடக்கம்.

ரெண்டு பக்கமும் மணிக்கூடு சரியாகத்தான் ஓடியது. எந்த நேரம் ஒறிஜினல், எது கொப்பி என்று அப்போது கேட்டிருந்தால், நிற்கிற கரையைப் பொறுத்துத்தான் பதில் வந்திருக்கும். ஆனால் அப்பாவுக்கு அது கேள்வியே இல்லை. துறையில் பார்த்துத் திருப்பவேண்டும், அவ்வளவுதான்.

திருத்துறவர் சொன்னது

டவுனில் மணிக்கூடு திருத்துற கடைக்காரர் வயதானவர். கண்ணில் செருகுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் வளையம், அதுக்குள் சின்னதாக ஒரு குவார்ட்ஸ் யந்திரம். அதில் மியோட்டா என்று இருந்தது, சிற்றிசன்காரர் செய்கிறது.

நான் கேட்டுவிட்டேன்: "ஐயா, இது கொப்பிதானே?"

அவர் நிமிரவில்லை. "மெசின் ஒறிஜினல் ஜப்பான் தம்பி. கூடுதான் கொப்பி" என்றார். பிறகு காட்டினார். உண்மையான ஒட்டோமட்டிக் ராடோவில் அந்தக் குட்டி நங்கூரம் ஆடும், மணிக்கூட்டைச் சரித்தால் தானாகத் திரும்பும். இதில் ஒட்டியிருக்கிறது. உண்மையான டயஸ்டாரின் கூடு கீறாது. இதில் பொன் பூச்சுப் போய் ஓரங்களில் பித்தளை தெரிகிறது. நான் இருபது வருசமாகப் பார்த்த மணிக்கூட்டில் இதெல்லாம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"அப்பாட்ட சொல்லேல்லையா ஐயா?"

"முதல் பற்றரி மாத்தக்குள்ளயே சொல்லிட்டன். அவர்தான் வீட்டில சொல்லவேணாம் எண்டவர்."

திரும்பி வரும்போது கூட்டாளியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவனோடு நான் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். "ஒறிஜினல் எண்டு சொல்லி வித்தாத்தான் களவு, நான் ஆருக்கும் பொய் சொல்லேல்ல" என்பான். "நீ சொல்லாட்டியும் முகத்தில இருக்கிற எழுத்து சொல்லிக்கொண்டுதானே இருக்கு?" என்று நான் கேட்பேன். அந்தக் கேள்வி இப்பவும் எனக்குச் சரி என்றுதான் படுகிறது. ஆனால் அவனுடைய பக்கத்திலும் ஒரு நியாயம் தெரிகிறது. அவன் என்ன வாங்குகிறான் என்று அவனுக்குத் தெரியும். ஒன்றின் விலையும் அதன் பொய்யும் தெரிந்து வாங்குகிறவனுக்கு அது விளையாட்டு. அதே சாமானை, அதே எழுத்தை, ஒன்றும் தெரியாத ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ரெண்டு மாசச் சம்பளத்துக்கு விற்றால் அது கொள்ளை. பிரெகே இரகசியக் கையெழுத்துப் போட்டது தன் பெயரைக் காக்க. இன்றைய சட்டமும் முதலில் காப்பது பெயருக்குச் சொந்தக்காரரைத்தான். பெரியம்மா மாதிரி ஏமாந்தவர்களுடைய கணக்கு அதில் எங்கே வருகிறது?

அன்றிரவு திண்ணையில் அப்பாவிடம் மணிக்கூட்டைக் கொடுத்தேன். நேரம் சரியா என்று போனைப் பார்த்து ஒத்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார் போல.

"மச்சாள் அங்க நிண்ட ரெண்டு வருசமும் கொப்பியா மனே?" என்றார். பிறகு, "பெரியம்மாட்ட கதைச்சிப்போடாத" என்று சொல்லிவிட்டுக் கையில் கட்டினார். பெரியம்மா அடுத்த வளவில் இருந்து கூப்பிட்டுச் சாப்பாடு ஆச்சா என்று கேட்டார்.

இந்தக் கட்டுரையைப் பெரியம்மா வாசிக்கமாட்டார். அவருக்குப் போனில் எழுத்து வாசிக்கக் கண் தெரியாது. அந்தத் துணிவில்தான் எழுதினேன். உங்கட வீடுகளிலும் சாமித்தட்டில், அலுமாரியில் இப்படி ஒரு மணிக்கூடு கிடக்கும். ஒறிஜினலா என்று பார்ப்பதற்கு முதல் யார் கொண்டுவந்தது, எந்த வருசம், எத்தனை மாசச் சம்பளம் என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கட மாவட்டத்துப் பெண்கள் வெளிநாட்டில் உழைத்த கதைக்குப் பல வீடுகளில் மிஞ்சியிருக்கிற ஒரே பதிவு அதுவாகத்தான் இருக்கும்.